உன் அப்பாவின் தோளும் 300 மேக்னமும்

நெகானி, மிச்சிகன்
அக்டோபர் 28

அன்பு மகன் ரெய்னோவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் கார்லாவும் அந்த பீனிக்ஸ் வெயிலில் வாடாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். இங்கே நேற்றே முதல் பனி விழுந்துவிட்டது, கணுக்கால் அளவுதான், ஆனாலும் உன் அப்பா ஜன்னலை விட்டு நகரவில்லை. மான் வேட்டை தொடங்கும் நவம்பர் பதினைந்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று மணிக்கொரு தரம் கேட்கிறார், காலண்டர் அவர் மூக்குக்கு நேரேதான் தொங்குகிறது. சௌனா நீராவிக் குளியலறையின் அடுப்பில் விரிசல் விட்டிருந்ததைச் சரி பண்ணிவிட்டோம், குளிர்காலத்துக்கு விறகும் அடுக்கியாயிற்று. சரி, இனி உன்னைத் திட்ட வேண்டும். போன வாரம் நீ போனில் பேசியபோது அப்பாவிடம், "யோசிக்காதப்பா, 300 மேக்னமே வாங்கிடு, அதுதான் ஒரே போடு" என்று சொன்னாயாமே, உன் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். துப்பாக்கியைத் தொட்டு இருபத்தெட்டு வருஷமாகிறது உனக்கு, யோசனைக்கு மட்டும் குறைச்சல் இல்லை. போனை வைத்ததும் மனிதர் கழுத்தில் வெற்றி மாலை விழுந்தவர் மாதிரி வீட்டுக்குள் நடந்தார், அன்றைக்கே கடையில் மேக்னத்துக்குச் சொல்லியும் வைத்துவிட்டார்.

போன வருஷம் நடந்ததை உன்னிடம் அரைகுறையாகத்தான் சொல்லியிருப்பார். எட்டுக் கிளைக் கொம்பு, எழுபது கெஜம்கூட இருக்காது, அசையாமல் நின்ற மான். அவர் சுட்டது வயிற்றில் பட்டுவிட்டது. ரத்தச் சொட்டைப் பிடித்துக்கொண்டு சதுப்பு வரைக்கும் போனோம், இருட்டும் வரை தேடினோம், மறுநாள் விடிந்ததும் போய்த் தேடினோம், கிடைக்கவே இல்லை. வேட்டைக் கேம்ப்பில் வழக்கம் தெரியுமே, குறி தப்பியவனின் சட்டை வாலைக் கத்தரித்துச் சுவரில் ஆணியடிப்பது. நாற்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக உன் அப்பாவின் சட்டையில் கத்தரி பட்டது. எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னது வேறு. "சட்டை போனா போகுது லெம்பி, அந்த மான் எங்க கிடந்து என்ன பாடுபட்டுச்சோ. இன்னொரு மானை இப்படிப் புண்ணாக்கினேன்னா அதோட துப்பாக்கியத் தொடவே மாட்டேன்" என்றார். அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டில் மான் இறைச்சி ஒரு வாய் தொடவில்லை. நாற்பத்தைந்து வருஷம் காட்டுக்குப் போனவர் போகாமல் நின்றுவிட்டால் நவம்பரில் அவருக்கு என்ன இருக்கிறது சொல்லு, எனக்கு அந்தக் கவலைதான்.

அவ்வளவு வருத்தப்பட்டவர் கண்டுபிடித்த மருந்து என்ன தெரியுமா, இன்னும் பெரிய துப்பாக்கி! ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். நம்ம ஊர் ஆண்களுக்குக் குறி தப்பினால் கையில் குறை என்று தோன்றவே தோன்றாது, தோட்டா சின்னது என்றுதான் தோன்றும். பக்கத்து வீட்டு வேய்ன் மாக்கி வேறு தூபம் போட்டான். "300 வாங்குடா ஐனோ, காதுல உரசினாக்கூட மான் மல்லாந்துரும்" என்றான். மல்லாந்துவிடுமாம். மான் தோட்டாவின் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் படித்துப் பார்த்தா விழுகிறது? முன்னங்காலுக்குப் பின்னால் ஒரு சாண் இடம், அங்கே பட்டால் என் சின்ன 243 துப்பாக்கியே போதும், நாலு எட்டு ஓடிப் படுத்துவிடும். வயிற்றில் பட்டால் பீரங்கி கொண்டு போனாலும் மானுக்குச் சித்திரவதைதான். நம்ம தேவதாருக் காட்டில் நூறு கெஜத்துக்கு மேல் கண்ணே தெரியாது, முந்நூறு கெஜம் பாயும் தோட்டாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முப்பது வருஷமாக அந்தச் சின்னத் துப்பாக்கியால்தான் இந்த வீட்டு உறைபெட்டியை நிரப்பியிருக்கிறேன், அது உனக்கே தெரியும்.

எனக்குக் கோளாறு எங்கே என்று சந்தேகம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அவருக்குத் தோளில் அறுவை சிகிச்சை நடந்ததல்லவா, அதற்குப் பிறகு அவருடைய பழைய 30-06 துப்பாக்கியின் உதையை அந்தத் தோள் தாங்கவில்லை. வாயைத் திறந்து வலிக்கிறது என்று சொன்னால் என்ன, சொல்ல மாட்டார். செவ்வாய்க்கிழமை சரளைக் குழிக்குக் குறி பார்க்கப் போனோம். நான்தான் குண்டு போட்டுத் தருவேன் என்று பிடிவாதமாக வாங்கிக்கொண்டேன். இரண்டு நிஜத் தோட்டா போட்டுக் கொடுத்தேன், மூன்றாவதாக மருந்தில்லாத பொய்த் தோட்டா ஒன்றை அவர் பார்க்காமல் போட்டுக் கொடுத்தேன். விசையை அழுத்தினார். டிக்கென்ற சத்தம்தான் வந்தது, வெடிக்கவே இல்லை. ஆனால் குழல் ஒரு சாண் கீழே குத்தியது, கண் இரண்டும் இறுக மூடியிருந்தன. வெடிக்காத துப்பாக்கிக்கே தோள் மிரண்டு போயிருக்கிறது! அவர் கண்ணைத் திறந்து குழல் எங்கே நிற்கிறது என்று பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "பொண்டாட்டியா நீ, போலீஸா?" என்று கேட்டுவிட்டு வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டார். இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. நானும் கெஞ்சவில்லை, இறைச்சி அடைத்த பாஸ்டி சுட்டு மேஜையில் வைத்தேன், சாப்பிட்டார்.

வியாழக்கிழமை காலையில் எழுந்து பார்க்கிறேன், சுவரில் என் 243ஐக் காணோம், வண்டியையும் காணோம். பத்து மணிக்குத் திரும்பி வந்து ஒரு காகிதத் தட்டை என் முன்னால் வைத்தார். ஐந்து ஓட்டை, ஐந்தும் காபிக் குவளையின் வாய்க்குள் அடங்கிவிடும். நான் சிரித்தால் எங்கே திரும்பவும் முறுக்கிக்கொள்வாரோ என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன், ஆனால் எனக்கு அழுகையே வந்துவிட்டது ரெய்னோ. மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். சீசனுக்கு முந்தின கூட்டம், பாதி ஊர் அங்கேதான் நின்றது, வேய்னும் இருந்தான். கடைக்காரர் மேக்னத்தை எடுத்து வைத்தார். உன் அப்பா அதைத் தொடவில்லை. "இது வேணாம், 243 ஒண்ணு காட்டுங்க" என்றார். வேய்னுக்கு வாய் சும்மா இருக்குமா, "யாருக்குடா, பேத்திக்கா?" என்று கேட்டான், நாலு பேர் சிரித்தார்கள். அவர் நிமிர்ந்து, "எனக்குத்தான். என் தோள் தாங்குறது இவ்வளவுதான். மானை அவஸ்தைப்படுத்தாம சாய்க்க இது போதும்" என்றார். கடைக்காரர் மேக்னத்தை உள்ளே வைத்துவிட்டு 243ஐ எடுத்து வந்தார். நாற்பத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் இந்த மனிதரை நினைத்து எனக்கு இவ்வளவு பெருமை வந்ததில்லை. இன்னொரு வேடிக்கை, ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் வேய்ன் என்னை ஓரமாக அழைத்து, "லெம்பி, யார்கிட்டயும் சொல்லாத, உன் துப்பாக்கிய ஒரு நாள் சுட்டுப் பாக்கத் தர்றியா?" என்று கேட்கிறான். நான் உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

ஆனால் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. கடையிலிருந்து திரும்பும் வழியில் அப்பா திடீரென்று, "ரெய்னோவுக்குப் பதினாலு வயசுல நான் எந்தத் துப்பாக்கியக் கொடுத்தேன்?" என்று கேட்டார். உங்கள் 30-06தான் என்றேன். வீடு வந்து இன்ஜினை நிறுத்திய பிறகும் இறங்கவில்லை. உனக்கு நினைவிருக்கும், உன் தோள் கன்றிப்போய் நீலம் பாய்ந்திருந்தது, நீ வலிக்கிறது என்றாய், "ஆம்பளப் பையனுக்கு இது பழகிடும்" என்றார். நீ கண்ணை மூடிக்கொண்டு சுட்டாய், மான் தப்பி ஓடியது, உன் சட்டை வாலை வெட்டியபோது அவர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அடுத்த வருஷத்திலிருந்து நீ வரவே இல்லை. உனக்குக் காட்டில் மனமில்லை என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தோம். குற்றம் அவர் ஒருவருடையது இல்லையடா. அன்றைக்கு என் 243 சுவரில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பொம்பளைத் துப்பாக்கி என்று பையனைக் கேலி பண்ணுவார்களே என்று நானும் வாயை மூடிக்கொண்டு பாஸ்டி கட்டிக் கொடுத்தேன். நான் சொல்லியிருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு கண்ணா.

கார்லாவுக்கு இருமல் நின்றதா, எழுது. வண்டி டயரைப் பார்த்து மாற்று, வெயிலில் வெடித்துவிடப் போகிறது. பதினாலாம் தேதி மத்தியானத்துக்குள் போன் பண்ணு, மறக்காதே, அதற்கு மேல் நாங்கள் கேம்ப்புக்குக் கிளம்பிவிடுவோம், அங்கே போன் எடுக்காது. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக, மனம் நிறைந்து வாழ வேண்டும். கடவுள் துணை.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
லெம்பி கோஸ்கெலா

ரெய்னோ, அம்மா எழுதினதப் படிச்சேன். எல்லாம் நிஜம். அன்னிக்குக் குறி தப்பினது நீ இல்லப்பா, நான்தான்.
அப்பா