வெள்ளிக்கிழமை பதினோரு மணித் தண்ணீர்

கடல் தாண்டியே இருந்து பழகிவிட்ட என் அன்பு அப்பாவுக்கு,

மைசூரில் நல்ல வெயில். அம்மா கட்டிலோடுதான். இங்கிலாந்தின் வடகோடித் தீவில் உங்களை அடக்கம் செய்து எட்டு மாதம் ஆகிறது. அம்மாவால் வர முடியவில்லை. முதலில் கென்யா, பிறகு அந்தத் தீவு என்று ஆங்கிலிக்கன் சபை கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் அங்கியை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினீர்கள். நாங்கள் மைசூர் நஜர்பாத் வீட்டில் உங்கள் லீவுக்காகக் காத்துக் கிடந்தோம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை, சொல்லிவிடுகிறேன்.

உங்கள் சபையில் ஆர்கன் வாசிக்கும் மார்கரெட் போன மாதம் மெயில் அனுப்பியிருந்தார். வெள்ளிதோறும் படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீட்டிலேயே நற்கருணை கொடுக்கப் போவீர்களே, அவர்களில் மூன்று பேர், உங்களை அடக்கம் செய்த பிறகு, ஒரே விஷயத்தைச் சொன்னார்களாம். பதினோரு மணிக்குப் பாதிரியார் வந்தார், ஜெபித்தார், வழக்கம்போல அரை தம்ளர் தண்ணீர் குடித்து மீதியை வைத்துவிட்டுப் போனார். மூவருமே அடுத்த வெள்ளிக்குள் அமைதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அதைப் படித்ததிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் அம்மாவின் அறையில் இருக்கும் தம்ளரை எடுத்து ஒளித்துவிடுகிறேன். ஒரு பாதிரியார் மகள் செய்கிற காரியமா இது? பயம், அப்பா. அவளும் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

மூன்று வாரமாக, வெள்ளிதோறும் சரியாகப் பதினோரு மணிக்கு, கேட்டின் கொண்டி தானாகக் கழல்கிறது. காய்ந்த சிமெண்ட் படியில் ஈர பூட்ஸ் தடம். அது வாசலோடு நின்றுவிடுகிறது. மைசூருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? வீடெல்லாம் உப்புக்காற்று வாசம்.

போன வெள்ளி அம்மா கேட்டாள். "தம்ளர எங்கடி வெச்சே? மனுஷன் வாசல்லயே நிக்கறாரு."

"யாரும் இல்லம்மா."

"சும்மா இரு. 'ஊட்டா ஆய்த்தா'ன்னு கன்னடத்துல கேக்கறாரு. சாப்பிட்டாச்சு, உள்ள வாங்கன்னேன். தண்ணி வெக்காத வீட்டுக்குள்ள எப்படி வருவாரு?" பிறகு சிரித்தாள். "ஊர்ல இருக்கற நோயாளிக்கெல்லாம் போனாரே. என் முறை எப்பதான் வர்றது?"

மெயிலைப் பற்றி அவளிடம் நான் மூச்சு விட்டதில்லை.

நாற்பது வருஷம் காத்திருந்தவள். இனி நான் குறுக்கே நிற்கக் கூடாது. வருகிற வெள்ளிக்கிழமை வெள்ளைத் துணி விரித்து, தண்ணீர் வைக்கிறேன். இது என் வாக்கு. ஒரு தம்ளர்தான் வைப்பேன். போகும்போது மட்டும் ஒருமுறை சமையலறைப் பக்கம் திரும்பிப் பாருங்கள் அப்பா. நான் அங்கேதான் நிற்பேன்.

கேட்டைத் திறந்து வைத்திருக்கும்
உங்கள் ஒரே மகள்,
கிரேஸ்