சிகிச்சை அறையில் இல்லாத சத்தம்

அனுப்புநர்:
தொலைக்காட்சித் தொடர்களுக்கு ஒலி சேர்ப்பவர்,
அச்சகத்துக்கு எதிர்வீடு, மேல்மாடி.

பெறுநர்:
முறையீட்டு அலுவலர் அவர்கள்,
தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் கண்காணிப்புப் பிரிவு.

பொருள்: வரும் புதன்கிழமை மறு ஒளிபரப்பாகவுள்ள தொடரில் இடம்பெறும் மனநல மின்சிகிச்சைக் காட்சியை நிறுத்திவைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. என் அக்கா தையற்கடையில் துணி வெட்டுபவர். கத்தரியைக் கையில் எடுத்தால் வாயும் சேர்ந்து ஓடும். அப்படிப்பட்டவர் நான்கு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சோறு தண்ணீர் இறங்கவில்லை. மாத்திரைகளுக்குக் கேட்காததால் எட்டு முறை மின்சிகிச்சை கொடுக்கலாம் என்றார் மனநல மருத்துவர். அக்காவும் சம்மதித்துக் கையெழுத்திட்டார்.

2. ஐந்து முறை முடிந்துவிட்டது. மூன்றாவதுக்குப் பிறகு சீப்புக் கேட்டார். ஐந்தாவதுக்குப் பிறகு, குழாயைச் சரியாக மூடவில்லை என்று என்னைத் திட்டித் தீர்த்தார். திட்டு வாங்கிச் சந்தோஷத்தில் நான் அழுதது அன்றுதான். சமீபத்தில் நடந்த சில விஷயங்கள் அவருக்கு மறந்துபோயின. மருத்துவர் அதை முன்பே சொல்லியிருந்தார். நானும் தங்களிடம் மறைக்கவில்லை.

3. கடந்த சனிக்கிழமை மேற்படி தொடரின் முன்னோட்டம் வந்தது. கதாநாயகியை விழித்திருக்கும்போதே கட்டிலோடு கட்டி, நால்வர் அமுக்கிப் பிடிக்க, தண்டனையாக மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். அலறல், தீப்பொறி, கூடவே 'சொய்ங்' என்று ஒரு சத்தம். அக்கா என் பக்கம் திரும்பி, "எனக்கும் இப்படித்தான்டா பண்ணாங்களா?" என்று கேட்டார்.

4. "இல்லக்கா" என்றேன். நம்பவில்லை. மயக்க மருந்தில் தூங்கியவர் எதை வைத்து நம்புவார்? வரும் வியாழக்கிழமை ஆறாவது முறை. வரமாட்டேன் என்று மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். பாதியில் நிறுத்தினால் பழைய நிலை திரும்பக்கூடும் என்கிறார் மருத்துவர். எனக்குப் பயமாக இருக்கிறது.

5. ஐந்து முறையும் அந்த அறைக்கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவன் நான். காதுதான் என் பிழைப்பு. கேட்டதை அப்படியே எழுதுகிறேன். செவிலியரின் செருப்புச் சத்தம். "மெதுவா மூச்சு விடுங்கம்மா" என்று மருத்துவரின் குரல். இதயத்துடிப்பைச் சொல்லும் கருவியின் சீரான 'பீப்'. கொஞ்ச நேரம் கழித்து, "முடிஞ்சிருச்சா?" என்று அக்கா. வேறொன்றும் இல்லை.

6. அம்மையீர், இதுவரை சுற்றி வளைத்துவிட்டேன். அந்த 'சொய்ங்' நான் போட்டது. மூன்று வருடங்களுக்கு முன், அக்கா நன்றாக இருந்த காலத்தில் போட்டேன். எங்கள் தொழிலில் திரையில் எது அசைந்தாலும் சத்தம் சேர்த்தாக வேண்டும். அடுப்பில் காய்ந்த இரும்புச் சட்டியில் ஈரத்துணியை அழுத்தினேன். வெல்டிங் பட்டறையில் பதிவு செய்ததைக் கலந்தேன். "பாக்குறவங்களுக்கு ஈரக்குலை நடுங்கணும்ப்பா" என்றார் இயக்குநர். நடுங்க வைத்தேன், பாராட்டும் வாங்கினேன். உண்மையான அறை எப்படி இருக்கும் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. சேமிப்பில் கிடக்கும் அந்த ஒலியை இன்னும் மூன்று தொடர்களிலும், தலைமுடி நட்டுக்கொண்டு நிற்கும் ஒரு நகைச்சுவைக் காட்சியிலும் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தச் சிரிப்பிலும் எனக்குப் பங்குண்டு.

7. ஆகவே, புதனன்று அக்காட்சியை நிறுத்திவைக்கவும், இனி இத்தகைய காட்சிகளை மனநல மருத்துவர் ஒருவர் பார்த்த பிறகே அனுமதிக்கவும் ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். விசாரணைக்கு அழைத்தால் சட்டியோடு வருகிறேன்.

இடம்: வீடு
நாள்: திங்கட்கிழமை

தங்கள் ஆணையை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்)
ஒலி சேர்ப்பவர்

குறிப்பு: தங்கள் அலுவலகத்தில் நேரில் கொடுக்கும் முன் மனுவை அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். கீழே இருப்பது அவர் கைப்பட எழுதியது.

அந்தச் சட்டி என்னுடையது. அடி கருகிப்போன காரணம் இன்றுதான் தெரிந்தது. இவனோடு நான் பேசப் போவதில்லை. வியாழக்கிழமை போகிறேன். கதவுக்கு வெளியே இவன் உட்கார்ந்திருக்க வேண்டும்.
(ஒப்பம்)
அக்கா