செவிலிமேட்டு வீட்டின் தாழ்ப்பாள்கள்

காஞ்சிபுரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள குருவுக்கு அம்மா எழுதுவது. நான் நலம். அங்கே எல்லாரும் நலமா என்பதைக் கடைசியில் கேட்கிறேன். போனில் சொன்னால் பாதியில் வெட்டிவிடுவாய். அதனால் எழுதி, ஆள் மூலம் கொடுத்தனுப்புகிறேன். முழுவதும் படி.

என் நிலத்தை விற்ற பணத்தில் செவிலிமேட்டில் அந்தச் சின்ன பிளாட்டை உன் பெயரில் வாங்கி வாடகைக்கு விடலாம் என்றாய். லாபமா என்று பார்க்கச் சொன்னாய். புரோக்கர் சிட்டிபாபுவோடு போனேன். "டவுன் பஸ் வாசல்லயே நிக்குதுமா, வாடகை பாட்டுக்கு வந்துக்கினே இருக்கும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

கதவு திறந்தே கிடந்தது. குடியிருக்கும் ஆனந்தகுமார், பெண்டாட்டியின் கூந்தலைக் கையில் சுற்றிப் பிடித்து, அவள் தலையைச் சமையல் மேடையில் மோதிக்கொண்டிருந்தான். மேடையெல்லாம் ரத்தம். சிட்டிபாபு என் கையைப் பிடித்து இழுத்து, "புருஷன் பொண்டாட்டி தகராறுமா, நாளைக்கு வரலாம்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பக்கத்திலிருந்த குக்கரைத் தூக்கி அவன் முழங்கையில் போட்டேன். எலும்பு முறிந்தது என் காதில் விழுந்தது. அப்படியும் இன்னொரு கையால் என் கழுத்தைப் பிடித்தான். மண்டையில் ஒன்று போட்டேன், விழுந்தான். அதற்காக எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

போலீஸ் வந்து அவனை இழுத்துப்போனது. அந்தப் பெண்ணுக்குத் தலையில் தையல் போட்டார்கள். ஆற்காட்டிலிருந்து அவளைப் பெற்றவர்கள் வந்து தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஏன் அடித்தானாம் தெரியுமா? குழம்பில் உப்பு குறைச்சலாம்.

மறுநாளே சிட்டிபாபு போன் செய்தார். "ரத்தம் பட்ட வீடுன்னு ஓனரு விலையைக் குறைக்கிறாரும்மா, இப்பவே முடிச்சிடலாம்" என்றார். முகத்தில் துப்பலாம் போலிருந்தது. ஆனாலும் வீட்டைச் சரியாகப் பார்க்கவில்லையே என்று மறுபடி போனேன். பாத்ரூம் கதவின் உள்பக்கம் மூன்று தாழ்ப்பாள், மூன்றும் புதுசு. வெளிப்பக்கம் உதைத்து உதைத்துப் பலகை பிளந்திருந்தது. எதிர்வீட்டு ஏஞ்சலைக் கேட்டேன். "அவன் அடிக்க வந்தா அந்தப் பொண்ணு அதுக்குள்ளதாம்மா பூந்துக்கினு தாழ் போட்டுக்கும்" என்றாள்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன், குரு. பொங்கலுக்கு உன்னோடு வந்தபோது அனு கடையில் ஒரு தாழ்ப்பாள் வாங்கிவந்து நம் வீட்டுப் பாத்ரூம் கதவில் தானே மாட்டினாள். இருப்பது போதாதா என்று கேலி செய்தேன். கழுத்து ஏன் கன்றியிருக்கிறது என்று கேட்டதற்கு, படியில் விழுந்தேன் அத்தை என்றாள். எந்தப் படியில் விழுந்தால் கழுத்தில் ஐந்து விரல் பதியும்?

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். வீடு நல்ல வீடுதான், வாடகையும் தவறாமல் வரும். அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். பத்திரம் அனு பெயரில். வாடகைக்கு விடப்போவதில்லை, அவள் இருப்பாள். அந்த மூன்று தாழ்ப்பாளையும் கழற்றி வாசல் கதவின் உள்பக்கம் போடச் சொல்லியிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்திருக்கும் உன் மாமனாரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவருடன் அனுவை அனுப்பிவை. நீ வராதே. பெற்ற வயிறு, நீ நன்றாக இரு என்றுதான் சொல்கிறது.

அனு நலமா? இப்போதும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறாளா? இருந்தால் உதைக்காதே, குரு. அவள் அப்பா வந்திருக்கிறார் என்று மட்டும் சொல். அவளே திறப்பாள்.

இப்படிக்கு,
உன் அம்மா
தேவகி