லொறிக்காரச் சம்பந்தியும் ஊர் வண்டியும்

கிண்ணியா,
14.10.1979

அன்பு மகன் பாயிஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் தங்கச்சி ஜெஸீமாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அந்தக் குவைத் வெயிலில் நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். உங்கள் கடிதம் போன கிழமை கிடைத்தது. உம்மா அதை என்னிடம் ஒரு தடவையும் ஜெஸீமாவிடம் ஒரு தடவையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார், இரண்டு பேரும் ஒரே மாதிரித்தான் வாசிக்கிறோமா என்று பார்ப்பதற்காம். நோன்புப் பெருநாள் கழிந்ததும் என்று பேசியிருந்த தங்கச்சியின் கலியாணம் ஏன் இழுபடுகிறது, ஒருவரும் ஏன் நேராக எழுதுகிறீர்கள் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். எழுத வேண்டாம் என்று சொன்னது நான்தான் மகன். கடல் தாண்டி இருக்கிற பிள்ளைக்குப் பாதிக் கதையை எழுதி நித்திரையைக் கெடுக்க மனம் வரவில்லை. இப்போது கதை நல்லபடியாக முடிந்துவிட்டது, சந்தோசமாக எழுதுகிறேன், வேலை இல்லாத நேரம் பார்த்து இருந்து வாசியுங்கள்.

எல்லாம் நான் ஊர்ச் சபையில் கொண்டுவந்த ஒரு பிரேரணையால் வந்தது. எங்கள் ஆஸ்பத்திரி மருத்துவிச்சி மக்டலின், பாலையூற்றிலிருந்து தினமும் துறை கடந்து வருகிற அந்த அம்மா, சித்திரை மாதம் சபைக் கந்தோருக்கே வந்து நின்றார். பேறு பிசகிய ஒரு பெண்ணைத் திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வாகனம் கிடைக்காமல் மாட்டு வண்டியில் வைத்துத் துறைக்குக் கொண்டுபோனாராம். தாயும் பிள்ளையும் தப்பியது கடவுள் செயல் என்று சொல்லிவிட்டு, "ஒவ்வொரு முறையும் அந்த ஒருத்தரையே கரைச்சல் படுத்திக்கொண்டு இருக்கலாமா சேர்" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குள் கிடந்து குடைந்தது. சுகாதாரப் பகுதிக்கு எழுதிக் கேட்டோம். நோயாளர் வண்டி ஒன்று தரலாம், ஆனால் சாரதியின் சம்பளமும் பெற்றோலும் சபையின் பொறுப்பு என்று பதில் வந்தது. சபைக்கு வருகிற வருமானம் உங்களுக்குத் தெரியும், சந்தைக் குத்தகையை விட்டால் வேறு என்ன இருக்கிறது. அதனால்தான் ஊரில் ஓடுகிற லொறி, கார், உழவு மெஷின், மாட்டு வண்டி எல்லாவற்றுக்கும் வருடாவருடம் எடுக்கிற பதிவுக் கட்டணத்தைக் கூட்டுவோம், கூடுகிற காசை அந்த வண்டியைத் தவிர வேறு ஒன்றுக்கும் தொடக்கூடாது என்று பிரேரணை கொண்டுவந்தேன்.

இந்த ஊரில் லொறி, கார், வேன் என்று ஆகக் கூடச் சில்லு ஓட்டுகிற மனிதர் யார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தங்கச்சிக்குப் பேசிய மாப்பிள்ளை, ஆசிரியர் ஹில்மியின் வாப்பா லாபிர் முதலாளிதான். பிரேரணை வந்த அன்று பின்னேரமே வீட்டுக்கு வந்துவிட்டார். "சம்பந்தி, கவர்மெண்ட் கச்சேரிக்கு லைசன் காசு கட்டுறன். ரோட்டுக் குழியில விழுந்து லொறிட வில்லு முறிஞ்சா அதுக்கும் நான்தான் கட்டுறன். இனி ஊராக்கள்ற நோய் வருத்தத்துக்கும் என்ட லொறிதான் கட்ட வேணுமா" என்றார். நான் என் நியாயத்தைச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு எழும்பிப் போகும்போது, சுவரில் சாய்த்து வைத்திருந்த என் சைக்கிளைப் பார்த்து, "இதுக்கு மட்டும் ஏன் கூட்டயில்ல, உங்களிட்ட இருக்கிறது இது ஒண்டுதான் எண்டதாலயா" என்று கேட்டுவிட்டுப் போனார். உள்ளதைச் சொல்கிறேன் மகன், அது எனக்குச் சுட்டது. ஊரில் பாதிப் பேரிடம் சைக்கிள் இருக்கிறது, அவர்களைப் பகைப்பானேன் என்றுதான் விட்டிருந்தேன், ஆனால் என்னுடையதும் அதற்குள் தப்பியது உண்மைதானே. அடுத்த கூட்டத்தில் சைக்கிளுக்கும் சிறு தொகை கூட்டித் திருத்தினேன். அதோடு எனக்கு ஆதரவாக இருந்த ஆட்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தேத்தண்ணிக் கடைக்குள் நான் போனால் கதை நின்றுவிடும். தோணிக்காரர்கள் மட்டும்தான் சிரித்த முகத்தோடு சலாம் சொன்னார்கள், அவர்களுக்குச் சில்லு இல்லையே.

பிறகு லாபிர் முதலாளி ஆள் விட்டார். பிரேரணையை வாபஸ் வாங்கட்டும், அதுக்குப் பிறகு கலியாணத் தேதியைப் பற்றிக் கதைப்போம் என்று. உம்மா அன்று குசினியில் சட்டி பானையோடு கதைத்த கதை இங்கே எழுத ஏலாது. பொது விசயம் பொது விசயம் என்று நின்று பெற்ற பிள்ளையின் வாழ்க்கையைத் தடுக்கிறேனோ என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, வேறு வழி தெரியாமல் ஜெஸீமாவையே கூப்பிட்டுக் கேட்டேன். வாபஸ் வாங்கட்டுமா மகள் என்றேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள், அழுகிறாளோ என்று நினைத்தேன், இல்லை. "வாங்காதீங்க வாப்பா. கலியாணம் முடிஞ்சு நாளைக்கு எனக்கு ஒரு வலி வந்தா நானும் மாட்டு வண்டிலயா போறது" என்றாள். வாய் பேசாத பிள்ளை என்று நாம் நினைத்திருந்தோம். ஹில்மியும் லேசுப்பட்ட ஆள் இல்லை. வாப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் பள்ளிக்கூடம் விட்டுப் போகிற ஆசிரியருக்கு எங்கள் ஒழுங்கையில் என்ன வேலை, ஒவ்வொரு நாளும் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு அந்தப் பக்கமாகவே போனார். மணிச் சத்தம் கேட்டால் குசினியில் ஏதாவது ஒன்று கீழே விழும். நான் ஒன்றும் தெரியாத மாதிரிப் பத்திரிகை வாசித்துக்கொண்டிருப்பேன்.

ஊர் ஆட்களின் கருத்தைக் கேட்டுத்தான் முடிவெடுப்பது என்று பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். நாலு பக்கத்துச் சனமும் வந்தது. பெண்களும் வரட்டும் என்று மக்டலின் அம்மா வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்ததால் ஒரு பக்கம் சீலை கட்டி அவர்களும் இருந்தார்கள். வண்டில்காரர்கள் மாடு தின்கிற வைக்கோலின் விலையைச் சொன்னார்கள், சைக்கிள்காரர்கள் ரியூப் விலையைச் சொன்னார்கள், ஒருவர் நடந்து போகிறவனுக்கும் செருப்புக்கு ஒன்று போடுங்களேன் என்று சொல்லிச் சிரிக்க வைத்தார். அப்போது லாபிர் முதலாளி எழும்பினார். "ஒருத்தரும் ஒரு சதமும் கட்டத் தேவையில்ல. நான் என்ட வேனைத் தாறன், டிரைவரையும் தாறன், பெற்றோலும் என்ட கணக்கு. ஊருக்கு இது என்ட அன்பளிப்பு" என்றார். மண்டபம் இடிந்து விழுகிற மாதிரிக் கைதட்டல். நான் தோற்றுவிட்டேன் என்று அந்த இடத்திலேயே தெரிந்தது. ஆனாலும் எழும்பி, தருகிறவர் ஒரு நாள் ஏலாது என்று சொன்னால் யாரிடம் போய்க் கேட்பது, எல்லாரும் கட்டினால்தானே எல்லாரும் உரிமையோடு கேட்கலாம் என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கைதட்டல் ஓய்ந்தபோது சீலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் வந்தது, நானும் ஒரு விசயம் சொல்லலாமா என்று. தலைவர் சொல்லுங்கள் என்றார். "எங்கட வீட்டு வாசல்ல கார் நிக்குது. நான் என்ட தங்கச்சி வீட்ட போறதெண்டாலும் இவரிட்டக் கேக்க வேணும். இவர் ஓம் எண்டா டிரைவரைத் தேட வேணும். டிரைவர் வந்து சேரக்குள்ள இவர் காரை வேற எங்கயாவது அனுப்பிப்போடுவார். பெஞ்சாதி எனக்கே இந்தப் பாடு எண்டா, வலியோட கிடக்கிற ஒருத்தி இவர்ற வாசல்ல வந்து எவ்வளவு நேரம் நிக்கிறது. எனக்கு ஊர் வண்டிதான் வேணும்" என்று அந்தக் குரல் சொன்னது. றுக்கியா, லாபிர் முதலாளியின் மனைவி. எல்லாத் தலையும் முதலாளி பக்கம் திரும்பியது மகன். பிறகு பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள், அது அப்படியே மண்டபம் முழுக்கப் பரவியது. லாபிர் முதலாளி நின்றபடியே நின்றார், முகம் கறுத்துச் சிவந்து, கடைசியில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். வண்டில்காரர்களுக்குக் கொஞ்சம் குறைத்து, அறுவடைக்குப் பிறகு கட்டலாம் என்று தவணையும் கொடுத்து, அந்த மாதமே சபை பிரேரணையை ஏற்றுக்கொண்டது.

ஆனால் எனக்கு நிம்மதி வரவில்லை. பதிவு தொடங்கிய அன்று லாபிர் முதலாளிதான் முதல் ஆளாக வந்து எல்லாச் சில்லுக்கும் கட்டினார், என் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. வெள்ளை நிறத்தில் புது வண்டி வந்து இறங்கியது, பிள்ளைகள் அதற்குப் பின்னால் ஓடி ஓடிப் பள்ளிக்கூடத்துக்குப் பிந்தினார்கள். மூன்றாம் நாளே ஒரு மீன்காரரின் மனைவியை ஏற்றிக்கொண்டு போனது. துறையில் லாபிர் முதலாளியின் லொறி முன்னுக்கு நின்றதாம், அந்தச் சாரதி தன் லொறியைப் பின்னுக்கு எடுத்து வண்டிக்கு வழி விட்டு, இறங்கி, வண்டியைத் துறை கடத்துகிற பாதைப் படகின் கயிற்றை இழுக்கவும் கை கொடுத்தானாம். திருகோணமலையில் ஆண் பிள்ளை பிறந்தது. மக்டலின் அம்மா திரும்பி வந்து சபைக் கந்தோர் ஆட்கள் எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்தார். எல்லாரும் சந்தோசமாக இருக்கிறார்கள், என் வீட்டில் மட்டும் கலியாணப் பேச்சு இல்லை. ஒழுங்கையில் மணிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் உம்மா என்னை ஒரு பார்வை பார்ப்பார்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து சோறு தின்ன இருந்தேன், வாசலில் சலாம் கேட்டது. பார்த்தால் றுக்கியா முன்னால் வருகிறார், லாபிர் முதலாளி பெரிய இனிப்பு வட்டிலப்பச் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறார். கதிரையில் இருக்கச் சொன்னேன், சட்டியை வைக்க இடம் தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "ஊருக்கு முன்னால என்னைத் தோக்கடிச்சவ, இண்டைக்கு வட்டிலப்பத்தைச் செஞ்சு என்ட கையில தந்து நடங்க எண்டா. வந்தனான்" என்றார். உம்மா சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டார். நான் என் கோபத்தையும் பயத்தையும் எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை, எழும்பிப் போய் அவரைக் கட்டிப்பிடித்தேன், இடையில் சட்டி இருந்ததால் சட்டை முழுக்க இனிப்புப் பாணி. பிறகு தேதி பேசினோம். மழை பிடிக்க முந்தி வருகிற மாதமே வைப்போம் என்று நான் சொன்னேன். லாபிர் முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. "பாயிஸ் எப்ப வாறார்" என்று கேட்டார். லீவு கிடைத்தால் மார்ச் மாதம் என்றேன். "அப்ப மார்ச்தான். பொண்ட கூடப் பொறந்த நானா இல்லாமல் என்ட மகன் இந்த வீட்டுப் படி ஏற மாட்டான். வெள்ளாண்மையும் வெட்டி முடிஞ்சிரும், எல்லாரிட்டயும் அரிசி இருக்கும்" என்றார். கலியாணத்தை அவர் திரும்பவும் தள்ளி வைத்துவிட்டார் மகன், இந்த முறை உங்களுக்காக. குசினியில் ஒரு பீங்கான் விழுந்து உடைந்தது. உம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து, கோபமில்லை, மகள் சிரித்துக்கொண்டுதான் பொறுக்குகிறாள் என்று சொன்னார்.

வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் நிற்க வேண்டாம், தண்ணீரைக் கூடக் குடியுங்கள். காசு அனுப்ப வேண்டும் என்று ஓவர்டைம் செய்து உடம்பைக் கெடுக்க வேண்டாம், தங்கச்சியின் வீட்டுக்கு ஓடு போட்டாயிற்று, மிச்ச வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். உம்மாவுக்கென்று தனியாக இரண்டு வரி எழுதுங்கள். லீவுக் கடிதத்தை இன்றைக்கே கொடுங்கள், கடைசி நேரம் போய்க் கேட்டு ஏலாது என்று சொல்லிவிட்டால் இங்கே மாப்பிள்ளையும் பொண்ணும் இரண்டு வீட்டாரும் உங்களைச் சும்மா விட மாட்டார்கள். அல்லாஹ் உங்கள் கைக்குப் பறக்கத்தையும் காலுக்கு நல்ல வழியையும் தந்து எங்கள் கண் முன்னால் கொண்டுவந்து சேர்க்கட்டும், ஆமீன்.

துஆவோடு பார்த்திருக்கும்
உங்கள் வாப்பா
ஆதம்பாவா