தட்டான் புழுவின் குழாய்கள்

திருத்தங்கல்
20-11-1962

கர்த்தருக்குள் அன்பான அத்தானுக்கு,

நேற்று நம் வீட்டில் இருந்தது நான், உங்கள் தங்கை இன்பம், சென்னையில் உங்களோடு ஆராய்ச்சி செய்யும் ஜெபராணி, இந்த மூன்று பேர்தான். கண்மாய்த் தண்ணீரில் பிடித்த தட்டான் புழுவை ஜெபராணி நம் சாப்பாட்டு மேஜையிலேயே அறுத்து, பூதக்கண்ணாடியில் காட்டினாள். குடலைச் சுற்றி நூல் நூலாகக் குழாய்கள். உடம்பின் கழிவை அவைதான் பிரித்து வெளியேற்றுமாம். முட்டையைவிட்டு வரும்போது கொஞ்சம்தான் இருக்குமாம். தோல் உரிக்க உரிக்கப் புதிது புதிதாக முளைக்குமாம்.

"மனுசருக்கு?" என்று இன்பம் கேட்டாள்.

"ரெண்டே கிட்னி. கெட்டுப்போனா புதுசா முளைக்காது" என்றவள், என் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று கத்தியைக் கழுவப் போய்விட்டாள்.

ஜெபராணி புறப்படும்போது உங்களுக்குச் சாத்தூர்க் காராச்சேவு கட்டிக் கொடுத்தேன். "வேண்டாம் அக்கா, சார் உப்பே தொடுறதில்லை" என்று திருப்பித் தந்தாள்.

அவள் படி இறங்கியதும் இன்பம், "எங்க அண்ணன் இலையில என்ன விழுகுதுன்னு இவளுக்கு எப்படி மதினி தெரியும்?" என்று என்னைக் கிள்ளினாள்.

எனக்கும் முதலில் அந்தச் சந்தேகம்தான். ஆனால் போன தடவை வந்தபோது உங்கள் செருப்பு காலில் ஏறவில்லை. வார் சுருங்கிவிட்டது என்றீர்கள், நானும் நம்பினேன். வீங்கியிருந்தது கால் என்று இப்போதுதான் உறைக்கிறது.

அவள் உங்களுக்குச் சமைத்துப் போடுகிறாள், அம்புட்டுத்தான் சங்கதி என்றால் நேரில் வந்து சண்டை போட்டுக்கொள்கிறேன். அப்படியே இருக்கட்டும் ஆண்டவரே என்று காலையில் முழங்காலில் நின்று கேட்டேன். இப்படியும் ஒரு ஜெபமா என்று அவர் நினைத்திருப்பார்.

டாக்டர் என்ன சொன்னார்? மறைக்காமல் உடனே பதில் எழுதுங்கள்.

உங்கள் மனைவி