கை சுடாத டம்ளர்

குற்றாலம்
12-6-61

அன்புள்ள அத்தானுக்கு,

குழல்வாய்மொழி வணக்கத்துடன் எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். மாமாவின் கௌரவத்துக்கு மட்டும் போன வியாழக்கிழமை ஓர் அடி பட்டுவிட்டது. அம்பாலா பட்டாள முகாமில் வெயில் தாங்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இங்கே சாரல் ஆரம்பித்துவிட்டது. பொறாமைப்பட வேண்டாம். துவைத்த துணி நான்கு நாளாகக் காயவில்லை.

வியாழக்கிழமை காலையில் நம் காபிக் கடைக்கு ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார். எந்த இலாகா என்று தெரியவில்லை. கால்சட்டை போட்டிருந்தார். மாமா புதிதாக வாங்கிய எவர்சில்வர் டம்ளரில் நுரை ததும்பக் காபி கொடுத்தார். நம் ஆட்கள் என்றால் தோளில் கிடக்கும் துண்டு நுனியால் டம்ளரைப் பிடிப்பார்கள். கால்சட்டைக்காரருக்குத் துண்டு ஏது? டம்ளரை வலது கையில் எடுத்தார், இடது கைக்கு மாற்றினார், மறுபடி வலது கைக்கு மாற்றினார், பிறகு விட்டுவிட்டார். காபி மடியில் விழுந்தது. அவர் துள்ளியதைச் சமையல்கட்டுத் தடுப்பின் இடுக்கு வழியாக நானும் அத்தையும் பார்த்தோம். அத்தை சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார்கள்.

கை சுடாமல் ஒரு காபி கொடுக்கத் தெரியாதவருக்குக் கடை எதற்கு என்று அவர் சத்தம் போட்டார். மாமா முப்பது வருடமாகக் கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குகிறவர். ஊரில் மற்றவர்களுக்குக் கை சுடும் என்பதே அவருக்குப் புதுச் செய்தி. ஆனாலும் பத்துப் பேர் பார்க்கும்போது சும்மா இருக்க முடியுமா? "அடுத்த மட்டம் வாங்க சார், சுடாத டம்ளர்ல தாரேன். எம் மருமவ பி.எஸ்சி.யாக்கும்" என்று சொல்லிவிட்டார். தடுப்புக்குப் பின்னால் நின்ற நான் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாளே கடைத்தெரு முழுக்கப் பரவிவிட்டது. பழக்கடைத் தங்கசாமி அண்ணாச்சி, சுடாத டம்ளர் முடிந்ததும் அழுகாத பலாப்பழம் ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டனுப்பினார். கல்யாணமாகி வந்த மூன்று மாதத்தில் இந்தத் தெருவில் நான் யாரிடமும் பத்து வார்த்தை பேசியதில்லை. இப்போது எல்லோரும் என்னைப் பற்றிப் பேசுகிறார்கள்.

இன்னொரு சின்ன விஷயம். தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியை வேலைக்கு நான் கல்யாணத்துக்கு முன்பே மனுப் போட்டிருந்தேன். உத்தரவு வந்திருக்கிறது. ஆகஸ்டு முதல் தேதிக்குள் சேர வேண்டும். பஸ்ஸில் போய் வந்துவிடலாம். மாமாவிடம் காட்டினேன். "மொதல்ல டம்ளர்" என்றார். அத்தையோ, "ஒரு டம்ளருக்கு வழி தெரியாத படிப்பு நாப்பது பிள்ளையளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்கப் போவுது?" என்று கேட்டார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அவசரமில்லை.

தங்கள் அன்புள்ள,
குழல்வாய்மொழி


குற்றாலம்
30-6-61

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். பார்த்துக்கொள்கிறேன். வேலையைப் பற்றி நான் எழுதியிருந்தது கடிதத்தின் மடிப்பில் மறைந்துவிட்டது போலிருக்கிறது.

டம்ளர் விஷயம். மரம் சூட்டைக் கடத்தாது. இங்கே சீசன் கடைகளில் விற்கிற மரச் செப்புச் சாமான்களைப் பார்த்ததும், டம்ளர் உட்காருகிற மாதிரி மரத்தில் ஓர் உறை கடைந்துவிட்டால் போதும் என்று தோன்றியது. அவற்றைக் கடைகிற மந்திரமூர்த்தி ஆசாரியிடம் மாமா பத்து உறைகளுக்குச் சொல்லிவிட்டார். அழகாகச் செய்து வந்தார். ஐந்து சிவப்பு, ஐந்து பச்சை. உள்ளும் புறமும் அரக்குப் பூசி, முகம் பார்க்கலாம் போல மினுங்கியது.

அரக்கு சூட்டில் இளகும் என்று எங்கள் காலேஜில் சொல்லித் தந்திருக்கிறார்கள். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம். உள்ளே அரக்கு இளகி, டம்ளர் மரத்தோடு ஒட்டிக்கொண்டது. வெளியே காபி வழிந்த இடத்திலெல்லாம் சாயம் கையோடு வந்தது. சாம்பவர் வடகரையிலிருந்து மறுவீட்டுக்கு வந்திருந்த ஒரு புது மாப்பிள்ளை, மாமனார் எடுத்துக் கொடுத்த வெள்ளை ஜிப்பாவில் சிவப்புக் கையைத் துடைத்துவிட்டுப் பெண் வீட்டாரிடம் என்ன பதில் சொல்வது என்று நின்றார். மாமா ஆசாரியைக் கூப்பிட்டுக் கேட்டார். "கை சுடக் கூடாதுன்னு சொன்னீரு, சுடல்ல. கை செவக்கக் கூடாதுன்னு சொல்லலியே வே" என்று அவர் நிதானமாகச் சொன்னார். ஆறு டம்ளர்கள் இன்றுவரை உறையை விட்டு வரவில்லை.

அதற்கடுத்து நடந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் வேறு யாராவது எழுதி உங்களுக்குத் தெரிவதைவிட நானே எழுதிவிடுகிறேன்.

அரக்கு பூசாத மரம் காபியைக் குடித்து ஊறிவிடும். அரக்கே தேவைப்படாத வேறு எது சூட்டைக் கடத்தாது என்று யோசித்தேன். தேங்காய்ச் சிரட்டை. நம் வீட்டுக் கொல்லையிலேயே கிடக்கிறது. கண்ணாடிச் சில்லால் சுரண்டி வழவழப்பாக்கி, அடியைத் தட்டையாக அராவி, டம்ளர் அதில் பாதி இறங்கி உட்காருகிற மாதிரி எட்டு செய்தேன். மூன்று நாள் வேலை. கொதிக்கக் கொதிக்க ஊற்றிப் பிடித்துப் பார்த்தேன். சூடே தெரியவில்லை. மாமா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமல் கடைக்குக் கொண்டுபோனார்.

அன்று முன்பெஞ்சில் அச்சன்புதூர்ப் பண்ணையார் உட்கார்ந்திருந்தார். அதே பெஞ்சின் மறு நுனியில், மலையிலிருந்து விறகு இறக்கி வரும் சுடலைக்கண்ணு உட்கார்ந்திருந்தார். மாமா இருவருக்கும் ஒரே நேரத்தில் கொண்டுபோய் வைத்தார். பண்ணையார் அதைப் பார்த்துவிட்டு, "ஏம் வே, எனக்கா சிரட்டையில தாரீரு?" என்று கேட்டு எழுந்துவிட்டார். உள்ளே டம்ளர் இருப்பதை மாமா தூக்கிக் காட்டியும் கேட்காமல் வண்டிக்குப் போய்விட்டார்.

சுடலைக்கண்ணு கோபப்படவில்லை. சிரட்டையிலிருந்து டம்ளரை மட்டும் எடுத்தார். தடுப்பைப் பார்த்து, எனக்குக் கேட்கும்படி சொன்னார்:

"யம்மா, எங்க அய்யா இந்தக் கடைக்குப் பின்னால நின்னு சிரட்டையில வாங்கிக் குடிச்சாரு. நான் முன்னால உக்காந்து டம்ளர்ல குடிக்கேன். கை சுட்டா சுட்டுட்டுப் போவுது."

சொல்லிவிட்டு, வெறுங்கையால் டம்ளரைப் பிடித்து முழுக் காபியையும் குடித்து முடித்தார்.

அத்தான், எனக்குத் தெரியாத சங்கதி இல்லை அது. வீரகேரளம்புதூரில் நான் சிறுபெண்ணாக இருந்தபோது கடைகளுக்குப் பின்னால் சிரட்டைகள் கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனேன். ஆனால் மூன்று நாள் உட்கார்ந்து அதைச் சுரண்டியபோது, சூட்டைக் கடத்தாத பொருள் என்பதற்கு மேல் ஒன்றும் என் மண்டையில் ஏறவில்லை. பண்ணையாரும் சுடலைக்கண்ணும் ஒரே விஷயத்தை வேண்டாம் என்று சொன்னது அச்சன்புதூர் வட்டாரத்திலேயே இதுதான் முதல் தடவை என்று பழக்கடை அண்ணாச்சி சொல்லிச் சிரித்தாராம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் சுடலைக்கண்ணு வந்தபோது நானே வெளியே போய்க் காபியை வைத்தேன். மன்னிப்புக் கேட்க நினைத்துப் போனவள், சர்க்கரை போதுமா என்று கேட்டுவிட்டு வந்தேன். போதும் என்றார்.

முன்பே தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை என்று மாமாவிடம் கேட்டேன். "பி.எஸ்சி. சொல்லுதேன்னு பேசாம இருந்துட்டேன் தாயி" என்றார். எட்டுச் சிரட்டைகளும் அன்றே அடுப்புக்குப் போய்விட்டன.

என் சான்றிதழைக் கரையான் அரிக்காமல் இருக்க வேப்பிலை வைத்தாயா என்று அத்தை கேட்டார்கள். ஆகஸ்டு முதல் தேதி என்று எழுதியிருந்தேனே, அது இன்னும் ஆகஸ்டு முதல் தேதியாகத்தான் இருக்கிறது.

தங்கள் அன்புள்ள,
குழல்வாய்மொழி


குற்றாலம்
17-7-61

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. பட்டாளத்தில் கொடுக்கிற கைப்பிடி வைத்த எனாமல் மக்கைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதிப் படமும் போட்டிருந்தீர்கள். படம் நன்றாக இருந்தது. மாமாவிடம் காட்டினேன். "அத வச்சி அண்ணாந்து ஊத்துனா மூக்குக்குள்ளல்லா போவும்" என்றார். வாஸ்தவம்தான். நம் ஊரில் பாதிப் பேர் உதட்டில் படாமல் குடிப்பவர்கள். அந்த ஒரு பக்கத்தில் வேலையைப் பற்றி எழுத உங்களுக்கு இடம் கிடைக்கவில்லை.

போன வாரம் அத்தை என்னை அருவிக்கு இழுத்துப் போனார்கள். "ரெண்டு பர்லாங்குல அருவிய வச்சிக்கிட்டு தலையில ஒரு சொட்டு விழாம நாலு மாசம் இருக்கியேட்டி, கேட்டா ஊரு சிரிக்கும்" என்று திட்டு. எனக்குக் கூட்டத்தில் குளிக்கக் கூச்சம். ஆனால் தண்ணீருக்குள் தலையைக் கொடுத்த பிறகு கூச்சத்தை நினைக்க நேரமில்லை. முதுகில் யாரோ மாறி மாறி அடிக்கிற மாதிரி இருந்தது. வெளியே வந்தபோது பல் தந்தியடித்தது, விரல்கள் மரத்துவிட்டன. கடைக்கு வந்ததும் மாமா ததும்பத் ததும்ப ஒரு டம்ளர் காபி கொடுத்தார். இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டேன். சுடவில்லை. சுகமாக இருந்தது. கன்னத்தில்கூட வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் பெஞ்சுகளைப் பார்த்தேன். ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் என்னைப் போலவே டம்ளரைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். இவர்களுக்குப் போய்ச் சுடாத டம்ளர் கொடுத்தால் நம்மை அடிக்க வருவார்கள்.

அடுத்த இரண்டு நாளும் தடுப்புக்குப் பின்னால் நின்று, கிழித்த நாட்காட்டித் தாளின் பின்புறம் கோடு போட்டேன். ஈரத்தலைக்காரர் ஒருவர்கூடச் சூடு என்று முனகவில்லை. முனகியவர் அத்தனை பேரும் குளிக்காதவர்கள். அவர்களிலும் தோளில் துண்டு இல்லாதவர்கள். ஜீப், லாரி, கார் ஓட்டி வருகிறவர்கள். அவர்கள் டம்ளரை எங்கே பிடிக்கத் தேடினார்கள் என்று பார்த்தேன். விளிம்பில். காபி தொடாமல் இருக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். மாமாவோ விளிம்புவரை ஊற்றுகிறவர்.

இதை மாமாவிடம் சொல்ல ஒரு நாள் முழுக்க ஒத்திகை பார்த்தேன். குளித்தவர்களுக்கு எப்போதும்போல ஊற்றுங்கள், குளிக்காதவர்களுக்கு இரண்டு விரல் அளவு குறைத்து ஊற்றுங்கள் என்றேன். குறைத்து ஊற்றினால் தன் முதுகெலும்பை எண்ணிவிடுவார்கள் என்றார். அதனால் நம் வீட்டு மோர் டம்ளர்களை எடுத்துக் கொடுத்தேன். உயரமானவை. அதே அளவு காபியை ஊற்றினால் மேலே இரண்டு விரல் வெறுமையாக நிற்கும். மாமா சிறிய டம்ளரில் ததும்ப ஊற்றி, ஆள் கண் முன்னாலேயே அதை மோர் டம்ளருக்கு ஆற்றி ஆற்றி மாற்றிக் கொடுத்தார். அளவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

நேற்று லாரிக்காரர் மூசா வந்தார். புளியறை வழியாகக் கொல்லத்துக்குச் சரக்கு கொண்டுபோகிறவர். டம்ளரைத் தொட்டதும் பாதித் தமிழிலும் பாதி மலையாளத்திலும் மாமாவை வைவது அவருடைய தினப்படி வழக்கம். நேற்று டம்ளரின் மேல்புறத்தைப் பிடித்தார், குடித்தார், வைத்தார், லாரியில் ஏறிப் போய்விட்டார். மாமா வாசல்வரை பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"ஒரு வார்த்த சொல்லாமப் போறானே தாயி" என்றார். முகம் வாடிவிட்டது.

"கை சுட்டாத்தான மாமா சொல்லுவாரு?" என்றேன்.

நான் கடையில் நின்று உரக்கப் பேசிய முதல் வாக்கியம் அது. மாமா அந்த மோர் டம்ளரை எடுத்து, தானே கழுவிக் கவிழ்த்தார். அத்தையிடம் போய், "இவ பள்ளிக்கூடத்துக்குப் போனா நமக்கு என்ன கெட்டுப் போச்சு?" என்று கேட்டார். அத்தை உடனே சரி என்று சொல்லிவிடுவார்களா? "எம் பிள்ள ஒரு வரி எழுதட்டும். பெறவு பாப்போம்" என்றார்கள்.

ஆக, இப்போது பாக்கியிருப்பது நீங்கள் மட்டும்தான்.

ஒரு வரி போதும், அத்தான். "போகலாம்" என்று எழுதினால் அது ஒரு வார்த்தைதான். போஸ்டு கார்டிலேயே இடம் மிச்சமிருக்கும், மீதியில் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். எனக்குக் கடையில் நிற்பது பிடிக்காமல் இல்லை. ஆனால் நாற்பது பெண் பிள்ளைகள் முன்னால் நின்று, ஏன் எவர்சில்வர் சுடுகிறது, ஏன் மரம் சுடுவதில்லை என்று சொல்லிக் கொடுக்க எனக்கு ரொம்ப ஆசையாக இருக்கிறது. அரக்கையும் சிரட்டையையும் மறைக்காமல் சொல்லிக் கொடுப்பேன்.

இருபத்தொன்பதாம் தேதி வரை தபால்காரரைப் பார்ப்பேன். அதற்குள் ஒன்றும் வராவிட்டால், உங்கள் சம்மதம் ஏதோ ஒரு ரயிலில் மெதுவாக வந்துகொண்டிருக்கிறது என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, ஒன்றாம் தேதி காலை எட்டு மணி பஸ்ஸில் ஏறிவிடுவேன். வேண்டாம் என்று சொல்வதாக இருந்தால் மட்டும் தயவுசெய்து அதைத் தபாலில் போட வேண்டாம். லீவு கேட்டு, நேரில் வந்து சொல்லுங்கள். சாரல் ஆவணி வரை இருக்கும் என்கிறார்கள்.

உங்கள் பதிலையோ உங்களையோ எதிர்பார்க்கும்,
குழல்வாய்மொழி