மண்டபத்து நூலகம்

அவிநாசி வட்டம்,
புதன்கிழமை.

அன்பு மகள் லோகப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க அவிநாசியப்பன் துணையிருக்கட்டும். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிற ஆள் எதற்குப் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தார், அதுவும் வீட்டுக்கு அனுப்பாமல் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறார் என்று நினைப்பாய். போனில் உனக்குப் பின்னால் எப்போதும் உன் மாமியார் இருக்கிறார். பேரனைப் பார்த்துக்கொள்ள அவ்வளவு தூரம் வந்த மனுஷியைக் குறை சொல்லவில்லை, தங்கமானவர். ஆனால் நான் சொல்ல வேண்டியது அவர் வீட்டுக்காரரைப் பற்றி. இன்னொரு காரணமும் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாமல் படி.

நம் ஊர் நூலகம் இருக்கிற வாடகைக் கட்டிடத்தைத்தான் உனக்குத் தெரியுமே, மழை வந்தால் நூலகர் இஸ்மத் பொண்ணு புத்தகத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதையும் இடிக்கப்போகிறேன் என்று ஓனர் நோட்டீஸ் கொடுத்துவிட்டார். மாதக் கடைசிக்குள் வேறு இடம் கிடைக்காவிட்டால் புத்தகங்களை அவிநாசிக்கு ஏற்றிவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். வாசகர் வட்டத் தலைவர் என்று எனக்கொரு பட்டம் இருக்கிறதே, ஈ.பி.யில் கம்பம் ஏறியபோதுகூட இவ்வளவு அலைந்ததில்லை. பஞ்சாயத்து ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள், ஸ்கூல் என்று போகாத இடமில்லை. ஸ்கூலில் புத்தகமெல்லாம் ஹெட்மாஸ்டர் ரூம் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது, தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். டைம்டேபிளில் நூலகம் என்று ஒரு பீரியட் போட்டிருக்கிறார்கள், அதில் கணக்கு நடக்கிறது. ஸ்கூலை ஒட்டி ஓர் இடம் கொடுத்தால் அந்தப் பீரியடுக்குப் பிள்ளைகள் நடந்து வந்துவிடும் என்று மன்றாடினேன். யாராவது முடியாது என்று சொன்னால் சண்டை போடலாம் அம்மணி. நம்மூரில் யார் சொல்கிறார்கள்? வாங்க, உக்காருங்க, டீ சாப்பிடுங்க, ஆகட்டுங்க, பாத்துக்கலாமுங்க. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புகிறார்கள். மரியாதையாலேயே என்னைக் கட்டிப்போட்டுவிட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் உன் மாமனார் அவர்கள் கூட்டத்துக் குலதெய்வக் கோயில் விழாவுக்குக் கூப்பிட்டார். சம்பந்தி என்று முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். நடுவில் மைக்கைப் பிடித்து, நம்ம சம்பந்தி பாலுசாமி நூலகத்துக்காக அலையறதப் பாக்கப் பொறுக்கலைங்க, கோயில் மண்டபத்து மாடிய நான் குடுக்கறேனுங்க, ஏசி போட்டுத் தாரேனுங்க என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். என்னை மேடைக்குக் கூப்பிட்டுத் துண்டைப் போர்த்தினார்கள். துண்டு தோளில் விழுந்த பிறகு யார் வாயைத் திறக்க முடியும்? கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தேன்.

அந்த மண்டபத்துக்கு மேற்குக் காலனிப் பிள்ளைகள் வரமாட்டார்கள். வரக்கூடாது என்று போர்டு எதுவும் இல்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் பந்தல் போடவும் இலை எடுக்கவும் தவிர அந்தக் கேட்டுக்குள் அவர்கள் வந்து நான் பார்த்ததில்லை, நீயும் பார்த்திருக்கமாட்டாய். இப்போது நூலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அவர்கள்தான். மறுநாள் சம்பந்தியிடம் மெதுவாக எடுத்துச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, யாரும் வரவேண்டாமுன்னு சொல்லலைங்களே, வந்தாப் படிச்சுட்டுப் போகட்டுமுங்க என்றார். காபி கொண்டுவரச் சொன்னார். எழுந்து வரும்போது, இந்தப் பேச்சு நம்ம புள்ளைங்க காதுக்குப் போகவேண்டாமுங்க, அங்க நிம்மதியா இருக்கட்டும் என்றார். நல்ல எண்ணத்தில் சொன்னாரோ வேறு எண்ணத்தில் சொன்னாரோ, எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சாயந்தரம் நூலகத்தில் பிரத்யுஷா இருந்தாள். காலனிப் பெண், பனியன் கம்பெனி ஷிப்ட் முடித்து வந்து குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படிக்கிறாள். மண்டபத்து விஷயம் அவள் காதுக்கும் போயிருந்தது. கோபப்படுவாள் என்று நினைத்தேன். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, சார், இனி எனக்குப் புத்தகம் வேணுமுன்னா எழுதிக் குடுத்தா நீங்க எடுத்துட்டு வந்து பஸ் ஸ்டாப்புல குடுப்பீங்களா, உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா என்று கேட்டாள். அவ்வளவு மரியாதையாகக் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

மண்டபத்துக்கு மாற்ற வாசகர் வட்டத் தலைவரின் சம்மதக் கடிதம் வேண்டும், வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். போட்டால் பாதிப்பேருக்கு நூலகம் இல்லை. போடாவிட்டால் ஒருத்தருக்கும் இல்லை, அதோடு என் மகளுடைய மாமனாரை நாலுபேர் முன்னால் அவமானப்படுத்தியதாக ஆகும். இதில் நீ வேறு ஞாயிற்றுக்கிழமை போனில், மாமா ஆசையாச் செய்யறாங்க, ஒத்துக்கங்கப்பா என்றாய். சொல்லும்போது உன் குரல் உன் குரலாக இல்லை. ஆகட்டும் கண்ணு என்று சொல்லி வைத்துவிட்டேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

ரோட்டுப்பக்கம் நீயும் மாப்பிள்ளையும் வந்தால் தங்கட்டும் என்று கட்டினோமே ஓர் அறை, தனி வாசல் வைத்து, அதைப் பற்றி அம்மாவிடம் பேச்செடுத்தேன். வருஷத்தில் பாதி நாள் பூட்டித்தானே கிடக்கிறது, ஸ்கூலும் எதிரில்தானே என்றேன். உன் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிராமலே, சம்பந்தி மண்டபத்துல உடமாட்டாங்கன்னு பேசறீங்க, நம்ம ஊட்டுக்கு அந்தப் புள்ளைங்க வந்து குடிக்கத் தண்ணி கேட்டா எந்த டம்ளர்ல குடுப்பீங்க என்று கேட்டாள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள்தான், நாம குடிக்கற டம்ளர்லதான் என்று சொன்னேன். அதற்கடுத்த நாள் அவள் அவிநாசி போய்ப் புது எவர்சில்வர் டம்ளர் ஒரு டஜன் வாங்கி வந்து அலமாரியில் அடுக்கினாள். தனியாக எடுத்துவைக்கத்தான் வாங்கியிருக்கிறாள் என்று எனக்கு மனது விட்டுப்போய்விட்டது. கேட்கவும் தைரியமில்லை. சாயந்தரம் காபி கொண்டுவந்து வைத்தாள். அந்தப் புது டம்ளரில் எனக்கு, இன்னொன்றில் அவளுக்கு.

அதனால் வெள்ளிக்கிழமை மண்டபத்துக்குச் சம்மதமில்லை என்றும், வாடகையில்லாமல் நம் வீட்டு அறையைத் தருகிறேன் என்றும் எழுதிக் கொடுக்கப்போகிறேன். அப்படிக் கொடுத்தால் மேலே அனுப்பி வைக்கிறேன் என்று இஸ்மத் சொல்லியிருக்கிறது. மேலே ஒத்துக்கொள்வார்களா, ஒத்துக்கொண்டாலும் பிரத்யுஷா நம் வாசலை மட்டும் நம்பி வருவாளா, எதுவும் தெரியாது. சம்பந்தி வீட்டுக்கு நேரில் போய்த் துண்டைத் திருப்பிக் கொடுக்கவா முடியும், அது பீரோவில் மடித்து இருக்கிறது. நீங்கள் ஊருக்கு வரும்போது ஹாலில்தான் படுக்க வேண்டியிருக்கும், மாப்பிள்ளையிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். யாரையும் எதிர்த்துப் பேசாமல், பிள்ளைக்கு ராத்திரி தலைக்குக் குல்லா போடு, நேரத்துக்குச் சாப்பிடு. அவிநாசியப்பன் உன்னையும் உன் குடும்பத்தையும் எந்த மனக்கஷ்டமும் அண்டாமல் காக்கட்டும்.

கடைசியில் சொல்கிறேன் என்ற காரணம் இதுதான். இந்தக் கடிதத்தை வேண்டுமென்றே சாதாரணத் தபாலில் போடுகிறேன். இது உன் கைக்கு வரும்போது வெள்ளிக்கிழமை போய் ரொம்ப நாளாகியிருக்கும். அதற்கு முன்பே சம்பந்தி போன் செய்திருப்பார், உன் மாமியார் உன்னைக் கூப்பிட்டு, உங்கப்பா இப்படிச் செஞ்சிருக்காரே, உனக்குத் தெரியுமா என்று கேட்டிருப்பார், நீ ஒன்றும் புரியாமல் முழித்திருப்பாய். உன்னைக் கேட்டுவிட்டுச் செய்திருந்தால் அந்த வீட்டில் நீ பொய் சொல்ல வேண்டியிருக்கும் அம்மணி. உனக்குப் பொய் சொல்ல வராது.

இப்படிக்கு,
உன்னைக் கேட்காமல் செய்த அப்பா,
பாலுசாமி